கற்றல் பாங்குகளும் பரீட்சைத் தயாரிப்பும்



"சேர், எனக்குக் கேட்டால்தான் விளங்கும். வாசித்தால் ஏறாது." "எனக்குப் படம் வேண்டும். வெறும் எழுத்தென்றால் நித்திரை வந்துவிடும்." "நான் செய்து பார்த்துப் படிக்கிற ஆள்." தரம் 10, 11 வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. இவ்வாறு சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் பிடித்தமான ஒரு கற்கும் முறை இருக்கவே செய்கிறது.

ஆனால், இதே வார்த்தைகளைச் சிலர் வேறொரு விதமாகவும் முடிக்கிறார்கள். "எனக்குப் படம் விளங்காது, அதனால் கேத்திரகணித வினாக்களை விட்டுவிடப் போகிறேன்." "எனக்கு வாசிக்கப் பிடிக்காது, வரலாற்றில் பல்தேர்வு மட்டும் பார்ப்பேன்." க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சையில் இந்த முடிவு எவ்வளவு புள்ளிகளைப் பறிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே கற்றல் பாங்கு என்பது என்ன, ஆசிரியர்கள் அதற்கேற்ப எவ்வாறு கற்பிக்கிறார்கள், அதில் நம்பக்கூடியது எவ்வளவு, உங்கள் படிப்பு மேசையில் அதை எவ்வாறு பயன்படுத்துவது ஆகியவற்றை இப்பாடத்தில் நோக்குவோம்.

1. கற்றல் பாங்கு என்றால் என்ன?

ஒருவர் புதிய விடயமொன்றைப் பெற்று, விளங்கி, நினைவில் வைத்துக்கொள்வதற்கு விரும்பிப் பயன்படுத்தும் முறையே கற்றல் பாங்கு எனப்படும். இதனைப் பலர் பலவாறு வகைப்படுத்தியுள்ளனர். அவற்றுள் ஆசிரியர் பயிற்சிகளில் அதிகம் பேசப்படுபவை மூன்று.

அ) அமெரிக்கரான டேவிட் கோல்ப் 1984இல் வெளியிட்ட நூலில், கற்றல் ஒரு வட்டமாக நிகழ்கிறது என்றார். அனுபவம் பெறுதல், அதைப் பற்றிச் சிந்தித்தல், பொதுக் கருத்தொன்றை உருவாக்குதல், அதைச் செய்து பார்த்தல் என்பன அதன் நான்கு படிகள்.

ஆ) நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங், கொலீன் மில்ஸ் என்போர் 1992இல் வெளியிட்ட கட்டுரையில் "வார்க்" எனப்படும் பாகுபாட்டை முன்வைத்தனர். காட்சிவழி, கேட்டல்வழி, வாசித்தல் - எழுதுதல்வழி, செயல்வழி என்பன அதன் நான்கு வகைகள். மேலே மாணவர்கள் சொன்ன வார்த்தைகள் இப்பாகுபாட்டைச் சார்ந்தவை.

இ) ஹோவார்ட் கார்ட்னர் 1983இல் பன்முக நுண்மதிக் கோட்பாட்டை வெளியிட்டார். மொழி, தருக்க - கணிதம், இசை, வெளி, உடலியக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு நுண்மதிகளை முதலில் குறிப்பிட்டார். இது கற்றல் பாங்கு அல்ல என்பதைக் கவனிக்க. தமது கோட்பாட்டைக் கற்றல் பாங்குகளுடன் குழப்பக்கூடாது எனக் கார்ட்னரே பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

2. ஆசிரியர் வகுப்பறையில் என்ன செய்கிறார்?

ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்கள் இருந்தால், நாற்பது பேருக்கும் நாற்பது விதமாகக் கற்பிக்க ஒரு பாடவேளை போதாது. அதனால் நல்ல ஆசிரியர் ஒரே பாடத்துக்குள் பல வழிகளைக் கலந்து தருகிறார். முதலில் ஒரு கேள்வி கேட்பார், பின்பு குழுவாகச் செய்யவிடுவார், கரும்பலகையில் வரைந்து விளக்குவார், இறுதியில் எழுதச் சொல்வார்.

இலங்கையில் 2007ஆம் ஆண்டு தரம் 6, தரம் 10 ஆகியவற்றில் தொடங்கிய தேர்ச்சி மையப் பாடவிதானச் சீர்திருத்தம் இவ்வொழுங்கையே வலியுறுத்தியது. ஈடுபடல், கண்டறிதல், விளக்கமளித்தல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிகளைக் கொண்ட மாதிரியைத் தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளில் அறிமுகம் செய்தது. குழுவேலை என்றவுடன் "பாடம் இல்லை, விளையாட்டு" என்று நினைத்துக் கதைத்துக்கொண்டிருக்கும் மாணவர், அந்த ஐந்தில் இரண்டாவது படியை இழக்கிறார். பின்னால் வரும் விளக்கம் அவருக்கு அந்தரத்தில் நிற்கும்.

3. ஆய்வுகள் சொல்வது என்ன?

"காட்சிவழி மாணவருக்குப் படத்தாலும், கேட்டல்வழி மாணவருக்குப் பேச்சாலும் கற்பித்தால் இருவரும் கூடிய புள்ளி பெறுவார்கள்" என்பது பலரது நம்பிக்கை. இதனை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்துள்ளனர்.

* 2004இல் பிரித்தானியாவில் பிராங்க் கொஃபீல்ட் குழுவினர் கற்றல் பாங்கு பற்றிய 71 மாதிரிகளை இனங்கண்டு, அவற்றுள் 13ஐ விரிவாக ஆராய்ந்தனர். பலவற்றின் அளவீடுகள் நம்பகமானவையாக இல்லை என்பதைக் காட்டினர்.

* 2008இல் ஹரோல்ட் பஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். மாணவரின் பாங்குக்கேற்ப மாற்றிக் கற்பித்தால் பெறுபேறு உயரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்களது முடிவு.

இதன் பொருளைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். மாணவர்களுக்கு விருப்பங்கள் இல்லை என்று இவ்வாய்வுகள் சொல்லவில்லை. விருப்பமான வழியில் மட்டும் படித்தால் நன்றாகப் படிபடும் என்பதற்குத்தான் சான்றில்லை. எனக்குச் சோற்றைவிடப் புட்டு விருப்பம் என்பதால், புட்டு மட்டும் என் உடம்புக்குப் போதும் என்று ஆகிவிடாது.

4. பாடத்துக்கு ஏற்ற வழி

எனவே "நான் எந்த வகை மாணவர்?" என்று கேட்பதைவிட "இந்தப் பாடப்பகுதி எந்த வழியைக் கேட்கிறது?" என்று கேட்பதே பயனுள்ளது. நான்கு உதாரணங்களைப் பார்ப்போம்.

உதாரணம் 1 - கணிதம்

"வட்டமொன்றின் வில்லொன்றினால் மையத்தில் எதிரமைக்கப்படும் கோணம், அவ்வில்லினால் வட்டத்தின் எஞ்சிய பகுதியில் எதிரமைக்கப்படும் கோணத்தின் இருமடங்காகும்." இதனை நூறு தரம் சத்தமாகச் சொன்னாலும் வினா வந்தால் கை நடுங்கும். கவராயத்தை எடுத்து வெவ்வேறு அளவில் மூன்று வட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வில்லைத் தெரிந்து, இரு கோணங்களையும் பாகைமானியால் அளந்து எழுதுங்கள். அடுத்து, பரிதியிலுள்ள புள்ளியிலிருந்து மையத்தினூடாக ஒரு கோடு வரையுங்கள். ஆரைகள் சமனாகையால் இரண்டு இருசமபக்க முக்கோணிகள் தோன்றும். முக்கோணியின் புறக்கோணம் அகத்தெதிர்க் கோணங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன் என்பதைப் பயன்படுத்தினால் நிறுவல் தானாக வரும். இங்கு கையும் கண்ணும் முதலில் வரவேண்டும், வசனம் பின்னால் வரவேண்டும். "நான் கேட்டுப் படிக்கிற பிள்ளை" என்பவருக்கும் இதுவே வழி.

உதாரணம் 2 - விஞ்ஞானம்

ஒளித்தொகுப்பின்போது இலையில் மாப்பொருள் உண்டாவதைச் சோதிக்கும் பரிசோதனை. இலையை நீரில் அவிக்கிறோம். பின்பு, அற்ககோல் கொண்ட சோதனைக் குழாயில் இலையை இட்டு, அக்குழாயைச் சுடுநீர் உள்ள முகவையில் வைக்கிறோம். இலையை வெளியே எடுத்து நீரில் கழுவி, அயடீன் கரைசல் இடுகிறோம். மாப்பொருள் உள்ள இடம் கருநீலமாகும்.

ஆய்வுகூடத்தில் செய்து பார்த்தவருக்கு இந்த ஒழுங்கு மறக்காது. ஆனால் வினாத்தாள் கேட்பது காரணத்தை. ஏன் நீரில் அவிக்க வேண்டும்? கலங்களைக் கொல்வதற்கு. ஏன் அற்ககோல்? பச்சையத்தை அகற்றுவதற்கு. பச்சையம் இருந்தால் நிறமாற்றம் தெளிவாகத் தெரியாது. ஏன் அற்ககோலை நேரடியாகச் சுவாலையில் சூடாக்கக்கூடாது? அது எளிதில் தீப்பற்றக்கூடியது. செய்து பார்ப்பதுடன் நின்றவர் படிமுறைக்குரிய புள்ளியைப் பெறுவார், காரணத்துக்குரிய புள்ளியை இழப்பார். எனவே செயலுக்குப் பின் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் "ஏன்?" என்று எழுதி விடையும் எழுதுங்கள்.

உதாரணம் 3 - வரலாறு

பண்டுகாபயன் அபய வாவியையும், மகாசேனன் மின்னேரியாக் குளத்தையும், தாதுசேனன் கலாவாவியையும், முதலாம் பராக்கிரமபாகு பராக்கிரம சமுத்திரத்தையும் அமைத்தனர். இதனைப் பட்டியலாக மனனம் செய்தால் பரீட்சை மண்டபத்தில் அரசனும் குளமும் இடம்மாறிவிடும். ஒரு காலக்கோடு வரைந்து நால்வரையும் வரிசைப்படுத்துங்கள். அதன்பின் இலங்கைப் படத்தில் நான்கு குளங்களையும் குறியுங்கள். கலாவாவி அநுராதபுர நகருக்குத் தென்புறமாக இருப்பதையும், அங்கிருந்து ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமான ஜயகங்கை என்னும் கால்வாய் நகரின் திசா வாவிக்கு நீர் கொண்டுசென்றதையும் படத்தில் கோடிட்டுப் பார்த்தால், "பண்டைய நீர்ப்பாசனத் தொழினுட்பம் உயர்ந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் தருக" என்ற வினாவுக்கு விடை கையில் இருக்கும். அவ்வளவு தூரம் மெல்லிய சரிவில் நீரைக் கொண்டுசெல்ல நுட்பமான அளவீடு வேண்டுமல்லவா? படம் எங்கே என்பதைத் தரும், காலக்கோடு எப்போது என்பதைத் தரும். ஏன் என்பதை நீங்கள் வசனமாக எழுதியே பழக வேண்டும்.

உதாரணம் 4 - தமிழ்

செய்யுளைச் சத்தமாக வாசித்தால் ஓசையும் பொருளும் சேர்ந்து மனதில் பதியும். அங்கு காது நல்ல துணை. ஆனால் எழுத்துப்பிழைக்குக் காதை நம்ப முடியாது. நம்மில் பலரது பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. தோட்டத்து வாழையும் கடலில் பிடிக்கும் வாளையும் காதுக்கு ஒன்றாகக் கேட்கும், கண்ணுக்கு வேறு. ஆகவே பிழைவரும் சொற்களைப் பார்த்து, எழுதி, பொருள் வேறுபாட்டுடன் வசனத்தில் அமைத்துப் பழகுங்கள். ஒரே பாடத்துக்குள்ளேயே ஒரு பகுதி காதையும் மற்றொரு பகுதி கண்ணையும் கையையும் கேட்பதைக் கவனித்தீர்களா?

5. மாணவரிடையே உள்ள உண்மையான வேறுபாடுகள்

பாங்கைவிட முக்கியமான வேறுபாடுகள் சில உண்டு. ஆசிரியர் தமது கற்பித்தலை மாற்றியமைக்க வேண்டியது பெரும்பாலும் இவற்றுக்காகவே.

(i) முன்னறிவு

இரணைமடுக் குளத்தின் அருகே வளர்ந்த பிள்ளை, குளக்கட்டு, துருசு, வான் பாய்தல் என்பவற்றைக் கண்ணால் கண்டிருக்கும். குளத்திலிருந்து வெளியேறும் நீரின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்திய பிசோகொட்டுவ பற்றிய பாடம் அதற்கு இலகு. கொழும்பில் மாடிவீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அதே பாடம் வெறும் சொற்கள். தலவாக்கலையிலிருந்து வரும் பிள்ளைக்குச் செங்குத்துச் சாய்வு எது, மென்சாய்வு எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமதரையில் மட்டும் நடந்த பிள்ளைக்குப் புவியியலில் சமவுயரக் கோடுகள் கண்ணைக் கட்டும்.

இங்கு குறை பாங்கில் இல்லை, காணாமையில்தான். அதற்கு மருந்தும் உண்டு. பாதி உருளைக்கிழங்கை வெட்டிய பக்கம் கீழிருக்க வைத்து, சம தடிப்பில் கிடையாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அதே நிலையில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரையுங்கள். கிழங்கு செங்குத்தாக உள்ள பக்கத்தில் கோடுகள் நெருங்கியும், சரிவான பக்கத்தில் விலகியும் இருக்கக் காண்பீர்கள். மலை காணாதவரும் இதன்பின் சமவுயரக் கோட்டுப் படத்தை வாசிக்கலாம்.

முன்னறிவுக் குறை கணிதத்தில் மிகவும் பாதிக்கும். அட்சரகணிதப் பின்னங்கள் வரவில்லை என்று சொல்லும் மாணவரிடம் சாதாரண பின்னங்களைக் கூட்டக் கொடுத்துப் பாருங்கள். பல வேளைகளில் பிழை அங்குதான் இருக்கும். தரம் 7 புத்தகத்தைத் திறப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். இரண்டு வாரங்கள் அங்கு செலவிட்டால் தரம் 11 பாடம் இலகுவாகும்.

(ii) பார்வை, கேட்டல், வாசிப்பு இடர்பாடுகள்

கரும்பலகை தெளிவாகத் தெரியாதவர், "எனக்குக் கேட்டால்தான் விளங்கும்" என்று சொல்லிக்கொண்டு பின்வாங்கிலில் இருக்கக்கூடும். அவருக்குத் தேவை கண் பரிசோதனையும் மூக்குக்கண்ணாடியும். பேச்சில் கெட்டிக்காரராக இருந்தும் எழுத்துகளை மாற்றி வாசிப்பவர், வரி தவறுபவர் சிலருக்கு வாசிப்பு இடர்பாடு இருக்கலாம். இது சோம்பலோ புத்திக் குறைவோ அல்ல. இவ்வாறான ஐயம் இருந்தால் மறைக்காமல் வகுப்பாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள். விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் சலுகைகள் வழங்குகிறது. அதற்கு அதிபர் ஊடாக உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

(iii) வேகம்

ஒருவர் ஒருமுறை கேட்டதும் விளங்குவார், மற்றவருக்கு மூன்று தரம் வேண்டும். பரீட்சைத்தாளில் யாருக்கு எத்தனை தரத்தில் விளங்கியது என்று எழுதியிருக்காது. விளங்காத இடத்தில் கையை உயர்த்தத் தயங்க வேண்டாம்.

6. எவருக்கும் பயன்தரும் இரண்டு வழிகள்

எந்தப் பாங்கை விரும்புபவராக இருந்தாலும் பயன் தருபவை என ஆய்வுகளில் உறுதியான வழிகள் இரண்டு.

முதலாவது, நினைவிலிருந்து மீட்டெடுத்தல். 2006இல் ரொடிகர், கார்பிக்கே என்னும் இரு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தனர். மாணவர்கள் ஒரு பந்தியை வாசித்தபின் அதையே மறுபடியும் வாசித்தனர். மற்றொரு பந்தியை வாசித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் கேட்டபோது மறுபடி வாசித்த பந்தியே கூடுதலாக நினைவில் நின்றது. ஒரு வாரத்தின் பின் கேட்டபோது நிலைமை தலைகீழானது. நினைவிலிருந்து எழுதிய பந்தியில் ஏறத்தாழ 56 வீதத்தையும், மறுபடி வாசித்த பந்தியில் 42 வீதத்தையும் நினைவுகூர்ந்தனர். குறிப்பை நாலு தரம் வாசித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்று நினைக்கும் மாணவர் ஏமாறுவது இங்குதான்.

இரண்டாவது, இடைவெளிவிட்டுப் படித்தல். மறதி படித்த உடனேயே வேகமாகத் தொடங்கிப் பின்பு மெதுவாகிறது என்பதை ஜேர்மனியரான எபிங்ஹவுஸ் 1885இலேயே காட்டினார். ஆகவே ஒரே இரவில் நான்கு மணித்தியாலம் படிப்பதைவிட, நான்கு நாட்களில் ஒவ்வொரு மணித்தியாலம் படிப்பது நீண்டகால நினைவுக்கு நல்லது.

2013இல் ஜோன் டன்லொஸ்கி குழுவினர் பத்துக் கற்றல் உத்திகளை ஒப்பிட்டபோதும் இவ்விரண்டுமே உயர்ந்த பயனுடையவை என மதிப்பிடப்பட்டன. வரிகளுக்கு நிறம் தீட்டுவதும், திரும்பத்திரும்ப வாசிப்பதும் குறைந்த பயனுடையவையாகக் கணிக்கப்பட்டன. மஞ்சள் நிறம் பூசிய புத்தகம் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

7. ஓர் அலகைப் படிக்கும் திட்டம்

நாள் 1: பாடத்தை வாசியுங்கள். படம், காலக்கோடு, பரிசோதனை, சத்தமான வாசிப்பு என்பவற்றுள் அப்பகுதி கேட்பதைச் செய்யுங்கள். (45 நிமிடம்)
நாள் 2: கொப்பியை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் நினைவிலுள்ளதை எழுதுங்கள். பின்பு கொப்பியைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் சேருங்கள். (30 நிமிடம்)
நாள் 4: சிவப்பில் எழுதியவற்றை மட்டும் மீண்டும் பார்க்காமல் எழுதுங்கள். நண்பருக்கோ தம்பி தங்கைக்கோ அப்பகுதியை விளக்குங்கள். தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். (20 நிமிடம்)
நாள் 7: அவ்வலகிலிருந்து வந்த கடந்தகால வினாக்களை நேரம் வைத்து எழுதுங்கள். புள்ளித்திட்டத்துடன் ஒப்பிடுங்கள். (45 நிமிடம்)
நாள் 21: பழைய அலகு வினாக்களையும் கலந்து மறுபடி ஒரு தாள் செய்யுங்கள். (45 நிமிடம்)

குறிப்பு: நாள் 2இல் பாதிகூட நினைவுக்கு வராவிட்டால் மனம் தளர வேண்டாம். தேடித்தேடி எழுதும் அந்தச் சிரமம்தான் நினைவை உறுதியாக்குகிறது.

செயன்முறைப் பரீட்சையுள்ள அழகியற் பாடங்களை விட்டால், உங்கள் அறிவு பெரும்பாலும் பேனை வழியாகவே மதிப்பிடப்படும். நீங்கள் கேட்டு விளங்கியதும், பார்த்து விளங்கியதும், செய்து விளங்கியதும் இறுதியில் எழுத்தாக வேண்டும். அதனால் எந்த வழியில் தொடங்கினாலும் எழுத்தில் முடியுங்கள்.

மீட்டல் வினாக்கள்

1. கற்றல் ஒரு வட்டமாக நான்கு படிகளில் நிகழ்கிறது என்றவர் யார்?
(1) கார்ட்னர் (2) பிளெமிங் (3) கோல்ப் (4) எபிங்ஹவுஸ்

2. 2008ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பின் முடிவு யாது?
(1) மாணவர்க்கு விருப்பங்கள் இல்லை
(2) பாங்குக்கேற்ப மாற்றிக் கற்பித்தால் பெறுபேறு உயரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை
(3) படங்களால் பயனில்லை
(4) கேட்டல்வழியே சிறந்தது

3. சமவுயரக் கோடுகள் நெருக்கமாக இருப்பது எதனைக் காட்டுகிறது?

4. "எனக்கு வாசித்தால் ஏறாது, அதனால் வரலாற்றுக் கட்டுரை வினாக்களை விட்டுவிடுகிறேன்" என்னும் நண்பருக்கு நீங்கள் கூறும் ஆலோசனைகள் இரண்டு எழுதுக.

5. நீங்கள் கடினமெனக் கருதும் ஓர் அலகைத் தெரிவுசெய்து, அது கேட்கும் கற்றல் வழி யாது எனக் காரணத்துடன் எழுதுக.

விடைகள்: 1 - (3). 2 - (2). 3 - செங்குத்தான சாய்வு. 4 - காலக்கோடும் படமும் வரைந்து தொடங்குதல், பின்பு கொப்பியை மூடிவிட்டு நினைவிலிருந்து வசனமாக எழுதிப் பார்த்தல் (பொருத்தமான வேறு விடைகளும் ஏற்கப்படும்). 5 - உங்கள் விடையைப் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதை அவர் அறிந்துகொள்ள அதுவே நல்ல வழி.

இன்று இரவே ஓர் அலகை எடுத்து நாள் 1ஐத் தொடங்குங்கள். வாழ்த்துகள்.